ஒரு குண்டான் போதும். இரண்டு கை போதாது!

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு வந்து போகிறவர்கள் முல்லையாற்றங்கரையில் ஒரு காட்சியைப் பார்க்காமல் திரும்ப முடியாது. கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்களும், ஆயிரங்கண் பானை சுமக்கிறவர்களும், உடம்பெல்லாம் சேறு பூசி வருகிறவர்களும் கம்பம் பள்ளத்தாக்கின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் வந்து குவிகிறார்கள். வந்தவர்கள் சாப்பிட வேண்டாமா? மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டுகிறார்கள். சுள்ளி பொறுக்குகிறார்கள். ஒரே ஒரு குண்டானை ஏற்றுகிறார்கள். பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஒரு குண்டானில் சோறு வெந்துவிடுகிறது. சோற்றைத் துணியில் கொட்டி மூடிவிட்டு, அதே குண்டானை அலசி, அதிலேயே குழம்பு கூட்டுகிறார்கள். மூடி கொண்டுவர மறந்திருந்தால் சாப்பிடுகிற தட்டுத்தான் மூடி. அகப்பை இல்லாவிட்டால் சிரட்டையில் குச்சியைச் செருகிக்கொள்கிறார்கள்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நம் ஜனங்கள் காலங்காலமாக இப்படித்தான் ஆக்கித் தின்று வந்திருக்கிறார்கள். நான் கவனித்த விஷயம் வேறு. அந்த அடுப்புகளுக்கு முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருக்கிறவர்களில் ஆண்கள் ஏராளம்! குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டும்போதும் அப்படித்தான். கறியை நறுக்குவது ஆண். மசால் அளவு சொல்வது ஆண். ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து "உப்பு சரியா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்வதும் ஆண்.

திருவிழா முடிகிறது. வீடு திரும்புகிறோம். மறுநாள் சாயங்காலம் அதே மனிதர் திண்ணையில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "ஏத்தா, சோறாயிருச்சா?"

நேற்றுவரை கரண்டி பிடித்த கைக்கு இன்று என்ன வந்துவிட்டது, தோழர்களே? நானும் அப்படிக் குரல் கொடுத்தவன்தான். அதனால் இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆண்களிடம் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "வீட்டுச் சமையல் வேற சமாச்சாரம். சோத்துக்கு ஒரு சட்டி, குழம்புக்கு ஒரு சட்டி, வெஞ்சனத்துக்கு ஒரு சட்டி. எது எங்க இருக்குன்னே நமக்குத் தெரியாது." அதாவது, சமையல் என்பது ஏகப்பட்ட பாத்திர பண்டங்களை வைத்து நடத்தும் ஒரு வித்தை, அந்த வித்தை பெண்களுக்கு மட்டுமே பிடிபடும் என்பது கட்சி.

இது பொய். நம்மில் எத்தனை பேர் வீட்டில் அப்படிச் சட்டிக்கு மேல் சட்டி அடுப்பில் ஏறுகிறது? கலியாணத்தின்போது சீர் என்று எவர்சில்வர் குடமும், பித்தளை அண்டாவும், அடுக்கடுக்காகத் தூக்குவாளிகளும் வந்தது உண்மை. பெண்ணைப் பெற்றவன் அதற்காகக் கடன் வாங்கியதும் உண்மை. அந்தப் பாத்திரமெல்லாம் இப்போது எங்கே? பரண் மேலே. அங்கிருந்து அது இறங்கினால் அடுப்புக்குப் போகாது. அடகுக் கடைக்குத்தான் போகும். நம் வீடுகளில் பாத்திரம் என்பது சமையல் சாமான் அல்ல. வேலையில்லாத மாதத்துக்குச் சேர்த்து வைத்த பணம். சமைப்பது என்னவோ கரிபிடித்த ஒரு குண்டானும், ஒரு சின்னச் சட்டியும்தான். அதற்கும் மேலே தவணைக்காரர் வந்து "அடுப்பங்கரை செட்டு" என்று ஒன்றைத் தலையில் கட்டிவிட்டு, வாராவாரம் வசூலுக்கு வருகிறார். அந்தச் செட்டும் பரணுக்குத்தான் போகிறது.

ஏலத் தோட்டத்துக்குப் போகும் ஒரு பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "அண்ணே, சட்டி பானைக்கு என்ன குறை? பரண்ல கிடக்கு. நேரம்தான் இல்லை."

அந்த நேரக் கணக்கைப் பாருங்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறைத் தோட்டங்களுக்கு ஜீப்புகள் இருட்டோடு கிளம்பிவிடுகின்றன. குமுளி வழியாகவும், கம்பம் மெட்டு வழியாகவும், போடி மெட்டு வழியாகவும் மலை ஏறுகின்றன. உட்கார இடமில்லாமல் அடைத்துக்கொண்டு போகிறார்கள். வளைவில் கவிழ்ந்து உயிர் போன சம்பவங்களும் உண்டு. அந்த ஜீப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். அடுப்பு மூட்டி, சோறு வடித்து, குழம்பு வைத்து, தனக்குத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் மூடி வைத்துவிட்டு ஓட வேண்டும். நாள் முழுக்கக் களை எடுத்து, காய் பறித்து, சாயங்காலம் இறங்கி வந்தால் மறுபடி அதே அடுப்பு. ஊரெல்லாம் பாயசத்தில் போட்டு மணக்க மணக்கச் சாப்பிடும் ஏலக்காயைப் பறிக்கிறவளுடைய தூக்குவாளியில் பகல் பன்னிரண்டு மணிக்கு இருப்பது ஆறிப்போன சோறும் புளித்தண்ணீரும்.

மத்திய சர்க்காரே 2019-ம் ஆண்டில் நாடு முழுக்க ஒரு நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் அதற்குச் செலவிடுகிறாள் என்று அது சொன்னது. அதாவது ஐந்து மணி நேரம்! ஈடுபட்ட ஆணுக்கு 97 நிமிஷம். 'ஈடுபட்ட' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பெண்களில் 100-க்கு 81 பேர் அன்றாடம் அந்த வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர்தான். மீதி 74 பேர் எங்கே போனார்கள்? திண்ணையில் இருக்கிறார்கள்.

மில்லில் எட்டு மணி நேர வேலைக்காக நாம் ரத்தம் சிந்திப் போராடினோம். அந்த எட்டு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் பதிமூன்று மணி நேரமாக நீள்வதை நாம் கேட்பதில்லை. கேட்டால் அந்த ஐந்து மணி நேரத்தில் பாதியை நாமே சுமக்க வேண்டிவரும் அல்லவா?

வாலிப வயதில் நான் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். எட்டுப் பேருக்கு ஒரு அறை. ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு அலுமினியக் குண்டான், எட்டுத் தட்டு. எங்களில் யாருக்கும் வெந்நீர் வைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. மூன்று ஷிப்டிலும் ஆள் இருந்ததால் எந்நேரமும் யாராவது பசியோடு வருவார்கள். முதல் மாதம் கடையில் தின்றோம்; சம்பளத்தில் கால்வாசி அங்கேயே போய்விட்டது. கம்பத்துக்காரத் தோழர் ஒருவர் வந்து சேர்ந்த பிறகுதான் விமோசனம். அவர் அரிசியைக் களைந்து போட்டார். அதோடு எட்டு முட்டையையும் எட்டு உருளைக்கிழங்கையும் நன்றாகக் கழுவி அந்த உலையிலேயே போட்டுவிட்டார்! சோறு வடித்தபோது முட்டையும் கிழங்கும் வெந்திருந்தன. கிழங்கை உரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசைந்தார். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுத்தார். ஒரு குண்டான், ஒரு தீ, நாற்பது நிமிஷம். எட்டுப் பேர் வயிறாரச் சாப்பிட்டோம். அன்று முதல் ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவர் சமைக்க வேண்டும், பகல் ஷிப்டுக்காரர் கழுவ வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டோம். சண்டை வரும், ஆனால் பட்டினி வந்ததில்லை.

அவரிடம் கற்றுக்கொண்டதையும், பிறகு பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். படித்தவுடன் செய்து பாருங்கள்.

ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வீட்டு ஓரத்தில் முருங்கை நிற்கிறது. நம் ஜில்லாவில் முருங்கை இல்லாத ஊர் ஏது? இது போதும். மூன்று தம்ளர் அரிசிக்கு ஒரு தம்ளர் பருப்பு. பருப்பை முன்கூட்டியே ஊறவைத்துவிடுங்கள். அது விறகையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். குண்டானில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, வெங்காயம், பூண்டு, வரமிளகாய் வதக்கிக்கொண்டு, பன்னிரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் பருப்பைப் போடுங்கள். பருப்பு அரை வேக்காடு ஆனதும் அரிசி. அரிசி மலர்ந்து வரும்போது இரண்டு கை முருங்கைக்கீரை, உப்பு. தீயைத் தணித்து மூடிவிடுங்கள். புளி வேண்டுமென்றால் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். முதலிலேயே புளியை ஊற்றினால் பருப்பு விடிய விடிய எரித்தாலும் வேகாது. முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆயிற்று. பருப்பு பல்லை உடைத்தது. இது வெறும் சோறல்ல என்பதை மறக்க வேண்டாம். அரிசியும் பருப்பும் சேரும்போது ஒன்றில் இல்லாத சத்தை மற்றொன்று நிரப்புகிறது. கீரையில் இரும்புச் சத்தும் இருக்கிறது. சோறும் ஊறுகாயும் மட்டும் தின்று களை எடுக்கப் போகும் பெண்கள் சோகை பிடித்து வெளுத்துக்கிடப்பதை நாம் பார்க்கிறோமே!

கொள்ளு இன்னொரு நல்ல சரக்கு. ராத்திரி ஊறவைத்து, காலையில் வேகவைத்தால், வடித்த தண்ணீர் ரசத்துக்கு. வெந்த கொள்ளு சுண்டலுக்கு. குண்டான் ஒன்று, வெஞ்சனம் இரண்டு. கீரையைத் தனியாக வேகவைக்கச் சட்டி இல்லையா? கொதிக்கிற குண்டானின் மேல் மூடியாக ஒரு தட்டை வையுங்கள். தட்டில் கீரையைப் பரப்பி இன்னொரு தட்டால் மூடுங்கள். கீழே சோறு வேகிற ஆவியில் மேலே கீரை வெந்துவிடும். அம்மி இல்லாவிட்டால் பொட்டுக்கடலையும் மிளகாயும் உப்பும் ஒரு துணியில் முடிந்து கல்லால் தட்டினால் பொடி தயார்.

பழைய சோற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அடுப்பே மூட்ட வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றி வைக்காதீர்கள். புளிப்பு ஏறினால் அலுமினியத்தைத் தின்னும். அது சோற்றில் இறங்கும். மண்சட்டியோ எவர்சில்வரோ நல்லது. புளிக்குழம்புக்கும் இதே விதிதான்.

இன்னொரு முறையை நம் பக்கத்தில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. செய்ய எல்லா வசதியும் நம்மிடம் இருக்கிறது. இரண்டு உலக யுத்தங்களின்போதும் ஐரோப்பாவில் எரிபொருள் பஞ்சம் வந்தது. அங்கே வீட்டுப் பெண்கள் ஒரு மரப்பெட்டியில் வைக்கோலைத் திணித்து, நடுவில் குழி பண்ணி, கொதிக்கக் கொதிக்க இறக்கிய பானையை அந்தக் குழிக்குள் வைத்து, மேலேயும் வைக்கோல் மெத்தையால் அழுத்தி மூடிவிடுவார்கள். சூடு வெளியே போக வழியில்லாததால் பானை தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். அடுப்பு இல்லை, ஆள் காவல் இல்லை, அடிப்பிடிப்பதும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வைக்கோலுக்கா பஞ்சம்? பெட்டி இல்லாவிட்டால் பழைய கூடையும் இரண்டு சாக்கும் போதும். எல்லாப் பக்கமும் ஒரு சாண் கனத்துக்கு வைக்கோல் இருக்க வேண்டும். அரிசி நன்றாகத் தளபுளவென்று ஐந்து நிமிஷம் கொதிக்கட்டும்; மூடியைத் திறக்காமல் இறக்கிக் கூடைக்குள் வைத்தால் ஒரு மணி நேரத்தில் சோறு. ஊறிய பருப்பென்றால் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, மூன்று நான்கு மணி நேரம் விட வேண்டும். குண்டான் நிறைய இருக்க வேண்டும். அரைக் குண்டான் சீக்கிரம் ஆறிவிடும். வைக்கும் முன் அடியைத் துடைத்துவிடுங்கள். ஒரு கங்கு ஒட்டியிருந்தால் வைக்கோலோடு வீடும் போய்விடும்.

விறகுக்கும் இது நல்ல வைத்தியம். 2007-ல் மாநில சர்க்கார் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய சர்க்கார் உஜ்வலா என்ற பெயரில் இணைப்பு கொடுத்தது. அடுப்பு வந்தது சரி. சிலிண்டரை நிரப்பக் காசு? ஏலத் தோட்டப் பெண்ணின் ஒரு நாள் கூலியில் ஒரு சிலிண்டர் வாங்க முடியாது. அதனால் அவசரத்துக்குக் கேஸ், அன்றாடத்துக்கு விறகு என்று வைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். அந்தப் புகை யாருடைய நெஞ்சில் இறங்குகிறது என்று சொல்ல வேண்டுமா?

இப்போது நம் மில்களிலும் கட்டட வேலைகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த வாலிபர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் ஒரு நாள் ராத்திரி அவர்களுடைய அறைக்குப் போய்ப் பாருங்கள். ஆறு பேருக்கு ஒரு குக்கர். அரிசி, பருப்பு, கிழங்கு எல்லாம் ஒன்றாக வேகிறது. ஒருவன் நறுக்குகிறான், ஒருவன் கழுவுகிறான். பீகார்த் தொழிலாளி ஊரிலிருந்து சத்து மாவு என்று ஒன்று கொண்டுவருகிறான்; வறுத்த கடலையை அரைத்த மாவு. அதில் தண்ணீர் விட்டு, உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துக் கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான். அதற்கு அடுப்பும் வேண்டாம், சட்டியும் வேண்டாம். ஒரு தம்ளர் போதும். அவன் நமக்குப் போட்டிக்காரன் அல்ல, நமக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியவன். (ஊருக்குப் போய்க் கலியாணம் செய்துகொண்ட பிறகும் அவன் சமைக்கிறானா என்பது வேறு கேள்வி. நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் யோக்கியதை இருந்தால் கேட்கலாம்.)

இவ்வளவு சொன்னதால் யாரும் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. "ஏழைக்கு ஒரு சட்டி போதும், எளிமையே அழகு" என்று பிரசங்கம் செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. பட்டணத்து ஹோட்டல்களில் இப்போது பழைய சோற்றை மண்சட்டியில் ஊற்றி, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்து, நல்ல விலைக்கு விற்கிறார்கள். குளுகுளு அறையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டு, "அந்தக் காலத்து ஆரோக்கியம்!" என்று பூரிக்கிறார்கள். பூரிக்கட்டும். நம் குடிசையில் ஒரு குண்டான்தான் இருப்பது ஆரோக்கியத்துக்காக அல்ல, கூலி போதாததால். ஒரு குண்டானில் நன்றாகச் சமைக்கத் தெரிந்திருப்பது உழைப்பாளியின் கெட்டிக்காரத்தனம். ஒரு குண்டானோடு அவனை நிறுத்தி வைத்திருப்பது முதலாளியின் கெட்டிக்காரத்தனம். முதலாவதைப் பாராட்டுகிற சாக்கில் இரண்டாவதை மறைக்க விடக் கூடாது.

சட்டம் என்ன சொல்லி வந்தது? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் உணவுச்சாலை வைக்கச் சொன்னது. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 150 பேர் வேலை செய்கிற தோட்டத்தில் வைக்கச் சொன்னது. 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் என்று எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறது. தொழிலாளி உரிமைகள் பலவற்றை வெட்டிய இந்தத் தொகுப்புகளில் இந்த ஒரு வரி நமக்குச் சாதகமானது. அதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் தந்திரத்தைப் பாருங்கள். விடிகாலையில் நூறு ஜீப்பில் மலை ஏறுகிற ஆயிரம் பெண்கள், மேலே போனதும் சின்னச் சின்னத் தோட்டங்களுக்குப் பிரிந்துவிடுகிறார்கள். இங்கே இருபது பேர், அங்கே முப்பது பேர். எந்தத் தோட்டத்திலும் நூறு தலை எண்ண முடியாது! ஆகவே எந்தத் தோட்டத்திலும் சூடான சோறு கிடையாது. எண்ணிக்கையைப் பற்றிச் சட்டம் பேசட்டும். நாம் கேட்பது சின்ன விஷயம்: தோட்டத்தில் மழைக்கு ஒதுங்கிச் சாப்பிட ஒரு கொட்டகை, கொண்டுவந்ததைச் சூடு பண்ண ஒரு அடுப்பு, குடிக்க நல்ல தண்ணீர். இதைக் கூலிப் பேச்சுவார்த்தையில் முதல் கோரிக்கைகளில் ஒன்றாகச் சங்கங்கள் வைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைக்கக் கூடாது.

அடுப்பு வீட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டிய சாமான் அல்ல. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு 1956-ல் வந்தது, 1982-ல் விரிந்தது. 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் துவங்கிய காலைச் சிற்றுண்டி, மறு வருஷம் ஆகஸ்டில் மாநிலத்திலுள்ள அரசுத் துவக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. மூன்று மணிக்கு எழுந்து ஜீப் ஏறுகிற தாய்க்கு, பிள்ளை பசியோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! 1919-லேயே லெனின் எழுதினார்: பொது உணவுச்சாலைகளும் குழந்தைக் காப்பகங்களும்தான் பெண்ணை அடுப்பங்கரை அடிமைத்தனத்திலிருந்து மீட்கும் முளைகள் என்று. முளை நம் ஊரிலும் விட்டிருக்கிறது. அதைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது போராட்டம்.

2020 நவம்பர் 26-ம் தேதி முதல் ஓராண்டுக்கும் மேலாக டெல்லி எல்லையில், சிங்குவிலும் டிக்ரியிலும் காசிப்பூரிலும் விவசாயிகள் உட்கார்ந்தார்களே, அங்கே அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. தலைப்பாகை கட்டிய ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி தட்டினார்கள். அண்டா அண்டாவாகப் பருப்புக் காய்ச்சினார்கள். யாருடைய மீசையும் உதிர்ந்துவிடவில்லை. மூன்று வேளாண் சட்டங்கள்தான் உதிர்ந்தன. சிலி நாட்டில் 1973-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, வேலையிழந்த தொழிலாளர் குடியிருப்புகளில் வீட்டுக்கு ஒரு கை அரிசி, ஒரு கிழங்கு என்று சேர்த்துப் பொதுப் பானை வைத்தார்கள். அந்தப் பானையைச் சுற்றித்தான் சர்வாதிகாரத்தை எதிர்க்கிற பேச்சு வளர்ந்தது. 2020-ல் கொரோனாக் காலத்தில் அதே தெருக்களில் மறுபடி அந்தப் பானை ஏறியது. அங்கேயும் பானையைத் தூக்கிச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. உண்மையை மறைத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை.

சமையல் ஆணுக்கு வராத தொழில் என்று யாராவது சொன்னால், மதுரை ஜில்லாக்காரர்கள் ஊர் ஊராகத் திறந்து வைத்திருக்கும் முனியாண்டி விலாஸ்களின் அடுப்பைக் காட்டுங்கள். கலியாண வீட்டுத் தவசுப்பிள்ளை ஆண். பரோட்டா மாஸ்டர் ஆண். டீ மாஸ்டர் ஆண். கூலி கிடைக்கிற இடத்திலெல்லாம் சமையல் ஆண் தொழிலாக இருக்கிறது. கூலி கிடைக்காத இடத்தில் மட்டும் அது பெண்ணின் 'கடமை' ஆகிவிடுகிறது. கூலியில்லாமல் வேலை வாங்குவதற்கு நாம் வழக்கமாக என்ன பெயர் வைப்போம்? முதலாளி செய்தால் அதற்குச் சுரண்டல் என்று நோட்டீஸ் அடிக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயத் தொழிலாளி இதைப் படிக்காமலே செய்துவிட்டார். மனைவி ஏலத் தோட்டத்துக்குப் போகிறார். இவருக்கு நடவு இல்லாத நாள். ராத்திரி பருப்பை ஊறப்போடுவது அம்மாள். விடியற்காலம் எழுந்து குண்டானை ஏற்றுவது இவர். அம்மாளுக்கு ஒரு மணி நேரம் அதிகத் தூக்கம். முதல் வாரம் தெருவில் கேலி பேசினார்கள். "என்ன மச்சான், பொட்டப்பிள்ளை மாதிரி அடுப்படியில?" என்று ஒருவன் கேட்டானாம். "வாடா மாப்ளே, உனக்கும் ஒரு தட்டு இருக்கு" என்று கூப்பிட்டு உட்காரவைத்தாராம். கேலி பேசியவன் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனான். இப்போது அந்தத் தெருவில் மூன்று வீட்டில் விடிகாலை அடுப்பை ஆண்கள் மூட்டுகிறார்கள். நடவு துவங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அப்ப முறை வச்சுக்கிருவோம். வேற வழி?" என்றார்.

ஆகவே நம் கிளைத் தோழர்களுக்கு ஒரு யோசனை. வழக்கமாக மாதக் கூட்டம் முடியும்வரை நாம் பேசிக்கொண்டிருப்போம். பின்கட்டில் யாராவது ஒரு தோழரின் மனைவி எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருப்பார். அந்த அம்மாளும் சங்க உறுப்பினர். ஆனால் தீர்மானம் எதையும் அவர் கேட்டதில்லை, பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததால். அடுத்த கூட்டத்தை முல்லையாற்றங்கரையில் மரத்தடியில் வைத்துக்கொள்வோம். மாதர் சங்கத் தோழியர் முன்வரிசையில் உட்காரட்டும். கொட்டகை, அடுப்புக் கோரிக்கையை அவர்களே எழுதட்டும். மூன்று கல்லும் சுள்ளியும் அங்கேயே கிடைக்கும். குண்டானும் வைக்கோல் கூடையும் நான் கொண்டுவருகிறேன். ஆண் தோழர்கள் ஆளுக்கு ஒரு தம்ளர் அரிசியும், ஒரு கை முருங்கைக்கீரையும் கொண்டுவர வேண்டியது. பருப்பை முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட்டு வாருங்கள். வீட்டில் சொல்லி ஊறப்போடச் செய்யாமல், நீங்களே.